ஷமரேல் மண்ணில் இல்லாத கால்சியம்

மொரிசியஸில் உள்ள ஷமரேலுக்கு ஏழு வண்ண மண் பார்க்க வருகிறவர்கள் வேலி ஓரமாக நின்று நிறங்களை எண்ணுவார்கள். கார்பன் சுழற்சி படிக்கிற மாணவர் அங்கே எண்ண வேண்டியது, அந்த மண்ணில் இல்லாத பொருள்களை.

அந்த மண் மேடும் மொரிசியஸ் முழுக்கக் கரும்புத் தோட்டங்களில் குவித்து வைத்திருக்கும் கருங்கல்லும் ஒரே சாதி. எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட்தான் இரண்டும். புதுப் பசால்ட்டை அரைத்துச் சோதித்தால் எடையில் ஏறக்குறையப் பாதி சிலிக்கா. பத்தில் ஒரு பங்கு கால்சியம் ஆக்சைடு. மெக்னீசியம் ஆக்சைடும் அதற்குப் பக்கத்தில் வரும். மீதியில் பெரும்பகுதி இரும்பும் அலுமினியமும். ஷமரேல் மண்ணில் இந்த இரும்பும் அலுமினியமும் ஆக்சைடாகத் தங்கிவிட்டன. சிவப்பும் ஊதாவும் இரும்பின் வேலை. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் தேடினால் கிட்டத்தட்ட ஒன்றும் அகப்படாது. காலங்காலமாகப் பெய்த மழை அவற்றைக் கரைத்து ஆற்றில் விட்டது, ஆறு கடலில் விட்டது. போகும்போது காற்றிலிருந்த கார்பனையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போயின. நாம் குடியிருக்கிற கிரகம் வெந்துபோகாமல் இருப்பதற்கு முக்கியக் காரணம் இந்தக் கூட்டிக்கொண்டு போகிற வேலைதான்.

கணக்கைச் சரியாகப் போடுவோம், ஏனென்றால் தேர்வில் பெரும்பாலானவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். மழைநீர் மண்ணில் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கார்பன் டை ஆக்சைடு அதில் கரைகிறது. மண்ணிடுக்குக் காற்றில் இந்த வாயு வெளிக்காற்றைவிடப் பத்து மடங்கு, சில இடங்களில் நூறு மடங்கு கூட இருக்கும். ஆகவே கல்லை அரிக்கிற கார்பானிக் அமிலம் முக்கியமாக மண்ணுக்குள் உருவாகிறது. பிறகு நடப்பது:

கால்சியம் சிலிக்கேட் + 2 கார்பன் டை ஆக்சைடு + நீர் → கால்சியம் அயனி + 2 பைகார்பனேட் அயனி + சிலிக்கா

கடலில் பவளமும் சிப்பியும் மிதவை உயிரிகளும் ஓடு கட்டும்போது:

கால்சியம் அயனி + 2 பைகார்பனேட் அயனி → கால்சியம் கார்பனேட் + கார்பன் டை ஆக்சைடு + நீர்

முதல் படியில் இரண்டு மூலக்கூறு உள்ளே போயிற்று, இரண்டாவது படியில் ஒன்று வெளியே வந்துவிட்டது. நிகர லாபம் ஒன்றே ஒன்று. இதைக் கவனித்தால் இன்னொரு தவறான நம்பிக்கையும் உடையும். "பவளப்பாறை வளர்ந்தால் காற்றிலுள்ள கார்பன் குறையும்" என்று பல பாடக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது சமன்பாட்டைப் பாருங்கள்: ஓடு கட்டுகிற வேலை கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகிறது. கடல்நீரின் தாங்கல் தன்மையால் (அமிலத்தன்மை மாறுவதை ஓரளவு தாங்கிக்கொள்ளும் குணம்) ஒரு மோல் சுண்ணாம்புக்கு ஒரு முழு மோல் வெளிவராமல் சுமார் 0.6 மோல் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பவளத்தைக் காக்க நூறு காரணங்கள் உண்டு. அலையைத் தடுக்கிறது, மீனுக்கு வீடாகிறது. இந்தக் காரணத்தை மட்டும் சேர்க்க வேண்டாம்.

அதேபோல மழை சுண்ணாம்புக்கல்லைக் கரைத்தாலும் நிகர லாபம் பூஜ்யம். கரையும்போது ஒரு மூலக்கூறை எடுக்கும், கடலில் மறுபடி படியும்போது அதையே திருப்பிக் கொடுத்துவிடும். கார்பனை நிரந்தரமாகக் கட்டிப்போட சிலிக்கேட் பாறைதான் வேண்டும். அதனால்தான் பசால்ட் தீவுகளுக்கு இந்த ஆராய்ச்சியில் இவ்வளவு மரியாதை.

பக்கத்துத் தீவான ரீயூனியன் இந்த விஷயத்தில் ஒரு திறந்தவெளி ஆய்வுக்கூடம். பாறை இளசு, சரிவு செங்குத்து, மழையோ உலக சாதனை. ஃபோக்-ஃபோக்கில் 1966 ஜனவரியில் 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. கொட்டியது. கொமெர்சோன் எரிமலைவாயில் 2007 பிப்ரவரியில் காமேட் புயலின்போது மூன்றே நாளில் 3,930 மி.மீ. சென்னைக்கு ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதே 1,400 மி.மீ. அளவுதான் என்பதை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அங்கே ஆற்று நீரை எடுத்து அதில் கரைந்திருக்கும் அயனிகளை அளந்தால், அந்தப் படுகை ஆண்டுக்கு எவ்வளவு பாறையை இழக்கிறது, எவ்வளவு கார்பனைக் கடலுக்கு அனுப்புகிறது என்று கணக்கிடலாம். புவிவேதியியலாளர்கள் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆற்றில் நீர் எப்படி ஓடுகிறது என்பது முக்கியம். வெயில் மட்டும் இருந்து மழை இல்லாத இடத்தில் பாறை வெறுமனே கிடக்கும்.

சரி, பூமியின் வெப்பநிலையைத் தானாகச் சீராக்கும் தெர்மோஸ்டாட் என்று இந்தச் சுழற்சியைச் சொல்கிறார்களே, அது எப்படி? பூமி சூடானால் மழை கூடும், வேதிவினையும் வேகம் பிடிக்கும். பாறை அதிகம் கரையும், காற்றில் கார்பன் டை ஆக்சைடு குறையும், பூமி மெல்லக் குளிரும். குளிர்ந்தால் இதற்கு நேர்மாறு: பாறைச் சிதைவு மந்தமாகும், எரிமலைகளோ தம் போக்கில் வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும், காற்றில் சேரும், சூடு திரும்பும். வாக்கர், ஹேஸ், காஸ்டிங் என்ற விஞ்ஞானிகள் மூவரும் 1981இல் இதை எண்களோடு எழுதினார்கள். 450 கோடி ஆண்டுகளுக்கு முன் சூரியன் இன்றைய ஒளியில் 70 சதவீதம்தான் கொடுத்தது. அப்படியும் பூமியில் மிகப் பழங்காலத்திலேயே திரவ நீர் இருந்ததற்குப் பாறைகள் சாட்சி சொல்கின்றன. அந்தப் புதிருக்கு இந்தத் தெர்மோஸ்டாட் நல்ல விடை, முழு விடை இல்லாவிட்டாலும். ஏறக்குறைய 70 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி கிட்டத்தட்ட முழுக்க உறைந்தபோது அதை மீட்டதும் இதுவே: பனிக்கடியில் பாறை கரையவில்லை, எரிமலை வாயு கோடிக்கணக்கான ஆண்டுகள் குவிந்தது, பனி உருகியது.

இப்போது வெள்ளிக் கிரகத்துக்குப் போவோம். கையில் கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள்.

பூமிக்குச் சூரியனிடமிருந்து ஒரு சதுர மீட்டருக்கு 1,361 வாட் வருகிறது. அதில் 30 சதவீதம் திரும்பிப் போய்விடுகிறது. மிச்சத்தை 4ஆல் வகுக்க வேண்டும். ஒளியை வாங்குவது வட்டத்தின் பரப்பு, வெப்பத்தை விடுவது கோளத்தின் பரப்பு, இரண்டுக்கும் விகிதம் 1:4. வகுத்தால் 238 வாட். அதை ஸ்டீஃபன்-போல்ட்ஸ்மன் மாறிலியான 0.0000000567ஆல் வகுத்து நான்காம் மூலம் எடுத்தால் 255 கெல்வின், அதாவது மைனஸ் 18 டிகிரி. உண்மையான சராசரி 288 கெல்வின். இடையிலுள்ள 33 டிகிரிதான் பசுமை இல்ல விளைவு. 4ஆல் வகுக்க மறந்தால் 360 கெல்வின், 87 டிகிரி செல்சியஸ் வரும். அப்படி ஒரு விடை வந்தால் பூமி கொதிக்கிறது என்று பயப்பட வேண்டாம், 4ஆல் வகுக்கிற வரியைத் திருத்துங்கள்.

இதே கணக்கை வெள்ளிக்குப் போடுங்கள். அங்கே வரும் ஒளி 2,601 வாட். ஆனால் அடர்ந்த மேகம் 76 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். விடை 229 கெல்வின். பூமியைவிடக் குறைவு! கிரகம் உறிஞ்சுகிற சூரிய வெப்பத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் வெள்ளி நம்மைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். அதன் தரையில் அளந்த வெப்பமோ 464 டிகிரி செல்சியஸ். காரணம் 92 பார் அழுத்தமுள்ள காற்று, அதில் 96.5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு.

பூமியிடமும் ஏறக்குறைய அதே அளவு வரிசையில் கார்பன் உண்டு. நாம் அதைச் சுண்ணாம்புக்கல்லாக நிலத்துக்கடியில் வைத்திருக்கிறோம். மொரிசியஸ் கடலோரத்தில் பழைய சுண்ணாம்புக் காளவாய்கள் இன்னும் நிற்கின்றன. ஒரு காலத்தில் பவளத்தை அதில் போட்டு எரித்துத்தான் கட்டடத்துக்கும் சர்க்கரை ஆலைக்கும் சுண்ணாம்பு எடுத்தார்கள். எரிக்கும்போது கல்லில் இருந்த கார்பன் டை ஆக்சைடு காற்றுக்குப் போகும். வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்பைத் திறந்து வைத்தால் சில நாளில் காய்ந்து கட்டியாகிறதே, அது போன வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொள்கிற வேலை. பூமியின் சுண்ணாம்புக்கல் முழுவதையும் ஒரே காளவாயில் போட்டால் நம் வானமும் வெள்ளியின் வானம் மாதிரி ஆகிவிடும். வெள்ளியில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் பாறை கரையாது, கார்பன் கல்லாகாது, எரிமலை விட்டதெல்லாம் காற்றிலேயே நிற்கும்.

செவ்வாயின் தொல்லை வேறு. சின்னக் கிரகம், உள்வெப்பம் சீக்கிரம் தீர்ந்தது. கார்பனைத் திருப்பிக் கொண்டுவர எரிமலையும் தட்டு நகர்வும் இல்லை. மிச்சமிருந்த காற்றும் பெரும்பாலும் விண்வெளிக்குக் கசிந்தது. இன்றைய அழுத்தம் பூமியின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆக, ஒரு கிரகம் குடியிருக்கத் தகுதியானதா என்று கேட்டால் சூரியனிலிருந்து தூரத்தை மட்டும் சொல்வது அரை விடை. தண்ணீர் இருக்கிறதா, கரைய இளம் பாறை கிடைக்கிறதா, புதைந்த கார்பனைத் திருப்பி அனுப்ப உள்வெப்பம் மிச்சமிருக்கிறதா என்று மூன்றையும் கேட்க வேண்டும். ரீயூனியனின் பிதோன் த லா ஃபூர்னேஸ் எரிமலை சீறும்போது நாம் பார்ப்பது அந்த மூன்றாவதை. அதற்கு அடியிலுள்ள அதே வெப்பப்புள்ளி (ஆழத்திலிருந்து குழம்பு மேலெழும் இடம்) 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு மேலே கடந்தபோது தக்காணத்தில் குழம்பைக் கொட்டியது; பிறகு மாலத்தீவு, சாகோஸ், மொரிசியஸ், ரீயூனியன் என்று வரிசையாக வந்தது. நம் முன்னோர் கப்பலில் வந்த வழிக்கு அடியில் இன்னொரு பழைய வழி இருக்கிறது.

"எரிமலைதானே எல்லாக் கார்பனையும் விடுகிறது, மனிதன் விடுவது எம்மாத்திரம்?" என்று கேட்பவர்கள் வகுப்புக்கு ஒருவர் உண்டு. உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு விடுவது 30 முதல் 40 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு என்பது வழக்கமான மதிப்பீடு. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமென்ட் மூலம் நாம் விடுவது 3,700 கோடி டன் அளவு. நூறு மடங்கு.

அப்படியானால் தெர்மோஸ்டாட் சும்மா இருக்குமா என்பது அடுத்த கேள்வி. அது வேலை செய்யும், அவசரப்படாமல். எவ்வளவு மெதுவென்று காட்ட ஒரு கணக்கு. 1 கிலோ பசால்ட்டில் 100 கிராம் கால்சியம் ஆக்சைடும் 80 கிராம் மெக்னீசியம் ஆக்சைடும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மோல் கணக்கில் 1.78ம் 1.99ம், கூட்டினால் ஏறக்குறைய 3.77 மோல். ஒவ்வொன்றும் கடைசியில் ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடைக் கட்டிப்போடும் என்றால் 166 கிராம். காற்றில் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்பது 780 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு. கடந்த பத்தாண்டில் ஆண்டுக்குச் சராசரியாக 2.5 பிபிஎம் அளவில் ஏறிவருகிறது. இந்த ஏற்றத்தை மட்டும் பாறையால் ஈடுகட்ட 11,700 கோடி டன் பசால்ட் முழுசாகக் கரைய வேண்டும், அதாவது 40 கன கிலோமீட்டர். மொரிசியஸின் பரப்பு 1,865 சதுர கி.மீ. ஆகவே தீவு முழுவதும் 21 மீட்டர் உயரத்துக்குக் கல் கரைய வேண்டும், ஒவ்வோர் ஆண்டும். ஏழு மாடி.

5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு திடீர் கார்பன் ஏற்றம் நடந்து பூமி 5 டிகிரிக்கு மேல் சூடானது. பழைய நிலைக்குத் திரும்ப ஒன்றரை லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தெர்மோஸ்டாட் பழுதில்லை என்பதற்கும், அதை நம்பிக் காத்திருக்க முடியாது என்பதற்கும் அதுவே ஆதாரம்.

இங்கே அலகு பற்றி ஒரு எச்சரிக்கை. சில அறிக்கைகள் கார்பன் எடையைச் சொல்கின்றன, சில கார்பன் டை ஆக்சைடு எடையை. இரண்டுக்கும் இடையே 44/12, அதாவது 3.67 மடங்கு. 1 பிபிஎம் கார்பனாக 213 கோடி டன். உங்கள் விடை சரியாக மூன்று சொச்சம் மடங்கு தப்பினால் வேறெங்கும் தேட வேண்டாம்.

வேகச் சுழற்சியையும் மெதுச் சுழற்சியையும் பிரித்துப் பார்க்க நம் சர்க்கரை ஆலையை ஒட்டிய மின் நிலையத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. வெட்டுக் காலத்தில் அந்தக் கொதிகலனில் கரும்புச் சக்கை எரிகிறது. வெட்டு முடிந்த மாதங்களில் அதே கொதிகலனில் நிலக்கரி எரிந்திருக்கிறது. ஒரே புகைபோக்கி, ஒரே வாயு. சக்கையின் கார்பன் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்கு முன் காற்றில் இருந்ததுதான், அடுத்த பயிர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். நிலக்கரியின் கார்பன் கோடிக்கணக்கான ஆண்டுகள் கணக்கில் வராமல் புதைந்திருந்தது; அதைத் திரும்ப எடுக்க வயலில் யாரும் காத்திருக்கவில்லை. ஐசோடோப்பிலும், அதாவது எடை மாறுபட்ட கார்பன் அணுக்களிலும், இந்த வித்தியாசம் தெரியும். புதைபடிவ எரிபொருளில் கார்பன்-14 முழுவதும் சிதைந்து தீர்ந்துவிட்டது, சக்கையில் அது இன்றைய காற்றின் அளவிலேயே இருக்கும். கார்பன்-13இல் கரும்புக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு: அது சி-4 பயிர், ஆகவே அதன் மதிப்பு (ஒரு பொதுத் தரத்தைவிட ஆயிரத்துக்கு எவ்வளவு குறைவு என்ற எண்) மைனஸ் 12 அளவில் நிற்கும், நெல் போன்ற சி-3 பயிருக்கு மைனஸ் 27. "தாவரம் என்றால் மைனஸ் 27" என்று மனப்பாடம் செய்தவர்கள் கரும்பில் மாட்டிக்கொள்வார்கள்.

கரும்பு வயலில் பசால்ட் பொடி தூவினால் சிதைவை வேகப்படுத்தலாமே என்ற யோசனை இப்போது உலகெங்கும் பேசப்படுகிறது. மொரிசியஸ் இதில் முன்னோடி என்பது இங்குள்ள மாணவர்களுக்கே தெரிவதில்லை. 1961இல் வெளியான இங்குள்ள வயல் சோதனை முடிவுகள், ஹெக்டேருக்கு 20 டன்னுக்கு மேல் பசால்ட் பொடி போட்ட சத்திழந்த மண்ணில் விளைச்சல் 30 சதவீதம் வரை கூடியதாகக் காட்டின. அப்போது நோக்கம் கார்பன் இல்லை, களைத்த மண்ணுக்குச் சிலிக்காவும் கால்சியமும் திருப்பிக் கொடுப்பது. இன்று அதையே கார்பன் கணக்காக விற்கிறவர்கள் கணக்கில் கழிக்க வேண்டிய சிலவற்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். பைகார்பனேட் கட்டத்தோடு நிறுத்திக்கொண்டாலும் 20 டன் பொடியின் உச்ச வரம்பு 6.6 டன் கார்பன் டை ஆக்சைடு. அதுவும் முழுசாகக் கரைந்தால். அரைக்கவும் ஏற்றவும் செலவாகிற டீசல் கழியும். நைட்ரஜன் உரத்தால் மண்ணில் நைட்ரிக் அமிலம் இருந்தால் பொடியை அது கரைத்துவிடும், கார்பன் ஒரு துளியும் பிடிபடாது. கரைந்த கால்சியம் களிமண்ணில் ஒட்டிக்கொண்டால் கடலுக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆகும். ஒலிவின் என்ற மெக்னீசியக் கனிமம் மிகுந்த பாறையில் நிக்கலும் குரோமியமும் உண்டு, அதையும் சோதிக்க வேண்டும். விளைச்சலுக்காகப் போட்டுக் கார்பனைப் போனஸாக வைத்துக்கொள்வது நியாயம் என்பேன். கார்பனுக்காகவே போடுவதற்கு அளவீடு இன்னும் தேற வேண்டும்.

அளவீடு எவ்வளவு தந்திரமானது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். வேண்டியவை: கட்டடக்காரர்கள் பயன்படுத்தும் ராக்சாண்ட் (கருங்கல்லை உடைத்த மணல்) 150 கிராம், உப்பு சேர்க்காத சோடா நான்கு அரை லிட்டர் புட்டி, மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் காரத்தன்மைச் சொட்டு மருந்து, காபி வடிதாள். சோடா புட்டியின் லேபிளில் சோடியம் பைகார்பனேட் என்று இருந்தால் அது வேண்டாம். ஊற்று நீர்ச் சோடாவும் வேண்டாம், அதில் ஏற்கெனவே பைகார்பனேட் இருக்கும்.

முதலில் ராக்சாண்டில் ஒரு கரண்டி எடுத்து வினிகர் விடுங்கள். நுரைத்தால் அதில் பவள மணல் கலந்திருக்கிறது, முழுவதையும் ஒதுக்குங்கள். சுண்ணாம்பு சிலிக்கேட்டைவிட மிக வேகமாகக் கரையும்; ஒரு சிட்டிகை கலந்தாலே உங்கள் முடிவு அதனுடையதாகிவிடும். சுத்தமான மணலை ஐந்தாறு தடவை அலசுங்கள். மாவு போன்ற தூசி போகாவிட்டால் முதல் இரண்டு நாளில் மட்டும் எக்கச்சக்கமாகக் கரைந்து ஏமாற்றும். பிறகு காயவையுங்கள்.

சோடாவை நன்றாகக் குளிரவைத்து, ஒவ்வொரு புட்டியிலிருந்தும் 100 மி.லி.யை வெளியே ஊற்றிவிட்டு, மூன்றில் மட்டும் தலா 50 கிராம் மணலை மெதுவாகப் போடுங்கள். பொங்கும். அது வேதிவினை என்று குறிப்பேட்டில் எழுதிவிடாதீர்கள். மணலின் சொரசொரப்பில் குமிழி பிடிக்கிறது, அவ்வளவே. உடனே மூடியை இறுக்குங்கள். நான்காவது புட்டி மணல் இல்லாத ஒப்பீடு. மணல் போட்ட மூன்றில் இரண்டு அறையில், ஒன்று குளிர்பெட்டியில். தினமும் ஒரு தடவை குலுக்குங்கள். வெயிலில் வைக்க வேண்டாம், அழுத்தம் ஏறிப் புட்டி வெடிக்கும்.

இரண்டு வாரம் கழித்து வடித்து அளக்கும்போது அமிலத்தன்மைத் தாளை நம்பாதீர்கள். மூடியைத் திறந்ததுமே வாயு வெளியேறி, மணல் இல்லாத புட்டியிலும் அந்த எண் தானாக ஏறும். காரத்தன்மை அப்படி மாறாது, ஆகவே அதைத்தான் அளக்க வேண்டும். பொதுவாக இந்தச் சொட்டு மருந்தில் 5 மி.லி. நீருக்கு, நிறம் மாறும்வரை விடுகிற ஒவ்வொரு சொட்டும் ஒரு ஜெர்மன் டிகிரி (காரத்தன்மையின் ஓர் அலகு), லிட்டருக்கு 0.357 மில்லி மோல் பைகார்பனேட். நீரை 20 மி.லி.யாக எடுத்தால் ஒரு சொட்டு கால் டிகிரி ஆகும், நுணுக்கம் நான்கு மடங்கு கூடும். ஒப்பீட்டுப் புட்டியின் எண்ணைக் கழியுங்கள். மிச்சம் ஒரு டிகிரி வந்தால் 400 மி.லி. நீரில் 0.143 மில்லி மோல், 6.3 மில்லி கிராம் கார்பன் டை ஆக்சைடு பிடிபட்டிருக்கிறது. அறையில் வைத்த இரண்டு புட்டிகளின் எண்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் குளிர்பெட்டிப் புட்டியோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. ஒத்துப்போய், குளிர்பெட்டி எண் அவற்றைவிடத் தெளிவாகக் குறைந்தால், 1981இல் அந்த மூவர் எழுதிய தெர்மோஸ்டாட்டின் வெப்பநிலைப் பகுதியைச் சமையலறையில் அளந்திருக்கிறீர்கள்.